கண்ட்ரோல் குழாய்

புள்ளிகள் இடம் மாறியிருந்தன. அதிகமில்லை, ஒரு விரலகலம்.

திரையில் அழுக்கு என்று நினைத்து ஜான்ஹவி துப்பட்டா நுனியால் துடைத்தாள். முத்தையாபுரத்தில் எதைத் துடைத்தாலும் கரி வரும். துறைமுகத்து லாரிகள் நிலக்கரித் தூளை ஊர் முழுக்கத் தூவிக்கொண்டே போகும். கரி வந்தது. புள்ளிகள் போகவில்லை.

அந்த மீன் தடுப்பூசி ஆய்வகத்துக்கு அவள்தான் தலைமை. கொடுவா மீனின் மண்ணீரலிலிருந்து எடுத்த செல்களை மூன்று வருடமாகக் குடுவைகளில் உயிரோடு வளர்த்து வருகிறாள். சில குடுவைகளில் வைரஸை விடுவாள். மற்றவை கண்ட்ரோல், நோய் படாதவை. தினமும் பிற்பகல், திரைச்சீலைகளை இழுத்து அறையை இருட்டாக்கிக்கொண்டு, இரண்டையும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டிப் பார்ப்பாள். மயிரிழைத் தடிமனுள்ள நீரோட்டத்தில் செல்கள் ஒவ்வொன்றாக லேசரைக் கடக்கும். முன்னோக்கிச் சிதறும் ஒளி செல்லின் பருமனைச் சொல்லும்; பக்கவாட்டில் சிதறுவது அதன் உள்ளே இருக்கும் சொரசொரப்பைச் சொல்லும். நோய் கண்ட செல் சுருங்கிக் குருணை குருணையாகிவிடும். திரையில் அதன் புள்ளி இடப்பக்கம் நகர்ந்து மேலே ஏறும்.

இன்று ஏறியிருந்தது கண்ட்ரோல். கண்ட்ரோலில் நோய் என்றால் மூன்று வருட உழைப்பையும் ப்ளீச்சில் கொட்டவேண்டியதுதான்.

"டெரன்ஸ்! மெஷினைக் கழுவினியா, இல்ல வேடிக்கை பார்த்துண்டு நின்னியா?"

பெரியதாழையிலிருந்து பஸ் மாறி மாறி வரும் ஆய்வக உதவியாளன் டெரன்ஸ், நோட்டை நீட்டினான். "அஞ்சு நிமிஷம் ப்ளீச், அஞ்சு நிமிஷம் தண்ணி. நேரம் போட்டு எழுதிருக்கேன் மேடம், இங்கன பாருங்க."

ஒவ்வொரு வரியின் முடிவிலும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. தன் கையையே நம்பாத பிறவி. ஜான்ஹவிக்குச் சிரிப்பு வந்தது.

"எழுதத் தெரியறது. கழுவத்தான் தெரியலை. நோய் உன் கையிலேர்ந்துதான் போயிருக்கு."

"கண்ட்ரோல் குடுவைய நான் தொட்டதே இல்லயே. நீங்கதான் தொடவிட மாட்டியளே மேடம்."

உண்மைதான். அந்தக் குடுவைகளை அவளைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. அவளும் கையுறை போட்டுக்கொள்வதில்லை; கையுறையெல்லாம் கை சுத்தமில்லாதவர்களுக்கு.

வெறும் உப்புக் கரைசலை ஓட்டினாள். திரை காலியாக இருந்தது. மெஷினில் குற்றமில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலைக் கூட்டியது.

"வாயைத் திற."

அவனிடமிருந்துதான் ஏதாவது போயிருக்கிறதா என்று பார்க்க, பஞ்சுக் குச்சியால் அவன் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, கரைசலில் கலக்கி ஓட்டினாள். மனிதக் கன்னத்துச் செல் மீன் செல்லைவிடப் பல மடங்கு பெரியது. புள்ளிகள் வலக்கோடியில் போய் ஒட்டிக்கொண்டன.

"மனுஷன்தான். எனக்கு அதுலயே சந்தேகம் இருந்தது."

டெரன்ஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அப்பிடின்னா ஒங்களயும் பாக்கணும்லா மேடம்?"

கரப்பானைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள். பிறகு, அவன் வாயை அடைப்பதற்காகவே, இன்னொரு குச்சியை எடுத்துத் தன் கன்னத்துக்குள் சுரண்டினாள்.

பம்பு முனகியது. ஏசிக் காற்றில் திரைச்சீலை மெல்ல உப்பி, மறுபடி சுவரோடு ஒட்டிக்கொண்டது. வெளியே ஒரு லாரி ஏர் ஹாரன் அடித்துக்கொண்டே போய்த் தேய்ந்தது.

புள்ளிகள் விழத் தொடங்கின.

வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இடப்பக்கம். நோய் கண்ட கொடுவா செல்கள் விழும் அதே இடத்தில்.

"கலந்துட்டே. நீதான் எதையோ கலந்துட்டே."

அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

கழுவினாள். தானே நின்று, பத்து நிமிடம். உப்புக் கரைசல். காலி. மறுபடி சுரண்டினாள். மறுபடி இடப்பக்கம். மிச்சத் துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். உருண்டையாக, சின்னதாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. மூன்று வருடமாகத் தினமும் பார்க்கும் செல்கள்.

மேலாகப் படிந்ததாக இருக்கும். மடையன் சிந்தியது. அடியில் தன்னுடையது இருக்கும். இருக்கத்தான் வேண்டும்.

அழுத்திச் சுரண்டினாள். வலிக்கவில்லை. வெள்ளையாக, கொழகொழவென்று வந்தது. ரத்தம் இல்லை. குழாயில் உதறினாள். பத்தாயிரம். இருபதாயிரம். எல்லாம் இடப்பக்கம். மேலே. இன்னும் மேலே.

"மேடம், போதும்."

"நீ யாருடா எனக்குச் சொல்ல?"

டெரன்ஸ் திரையைப் பார்க்கவில்லை. அவள் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், வெளிப்புறத்தை.

இன்னும் கொஞ்சம் அடியில். இன்னும் ஆழமாக. குச்சியைத் தள்ளினாள்.

நனைந்த காகிதம் போல ஏதோ விட்டுக்கொடுத்தது.

திரையின் ஓரத்துக் கருப்பில் அவள் முகம் தெரிந்தது. கன்னத்துக்கு வெளியே, பஞ்சு முனை. வெள்ளையாக.

இன்னும் வலிக்கவில்லை.