மஞ்சள் சிட்டின் குரல்

வசனம் பேச அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஹெட்போனுக்குள் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

சின்ன மூச்சு. ஓடி வந்து நின்ற குழந்தை, சொல்ல வந்ததைச் சொல்லுமுன் இழுப்பது போல. அவள் ஹெட்போனைக் காதிலிருந்து நகர்த்திப் பார்த்தாள். டப்பிங் அறைக்கே உரிய செத்த அமைதி. பஞ்சு அடைத்த சுவர்கள், கால் வைத்தால் சத்தமே எழாத கம்பளம், பல வருடங்களாகப் பலர் விட்ட மூச்சு ஏசியில் சுற்றிச் சுற்றிப் புளித்துப்போன வாசனை. வெளியே நல்ல வெயில். உள்ளே திரையின் வெளிச்சம் மட்டும்.

“பழைய டிராக் ஏதாவது ஓடுதா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் கையை விரித்தான். “இல்லக்கா. அந்த டேப்புதான் பூஞ்சை புடிச்சுப் போச்சே. திரும்பப் பேசத்தானே உங்களைத் தேடிப் புடிச்சோம்.”

‘பஞ்சவர்ணப் படை’ என்ற பழைய டிவி தொடர். ஐந்து நிறத்தில் ஐந்து முகமூடி வீரர்கள். வாரம் தவறாமல் ஊரை அழிக்க வரும் ஓர் அரக்கன். ஞாயிற்றுக்கிழமை காலை அது ஓடும்போது தெருவில் ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது. படையில் கடைக்குட்டி மஞ்சள் சிட்டு. அவளுக்குக் குரல் கொடுத்தபோது இவளுக்குப் பதினொரு வயது. வீட்டில் வைத்த பெயர் போய், எல்லோருக்கும் சிட்டு ஆகிவிட்டாள்.

அவள் வந்ததும் வராததுமாக இன்ஜினியர் சட்டைக் கையை மடித்து ஒரு தழும்பைக் காட்டியிருந்தான். “பல்லுகூட விளக்காம டிவி முன்னாடி உட்காருவேன்க்கா. மஞ்சள் துண்டைக் கட்டிக்கிட்டுப் பீரோ மேலேர்ந்து குதிச்சதுல கை உடைஞ்சது. என்ன காலம்க்கா அது! திரும்பி வருமா?”

வராமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பார்த்த தொடரை அவள் ஒருநாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்நேரம் இது போன்ற ஓர் இருட்டறையில் அடுத்த வாரத்துக்காகக் கத்திக்கொண்டிருப்பாள். அழுகைக் காட்சி வந்தால் அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள். மேல்கையின் உள்பக்கச் சதையை இரண்டு விரலால் பிடித்துத் திருகுவாள். “நல்லா அழு.” அழுகை தத்ரூபம் என்று எல்லோரும் மெச்சினார்கள். கத்திக் கத்தித் தொண்டை கெட்டதும் வேறொரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு அவள் சந்தைக் கூட்டத்தில் ஒரு கூச்சல், தொட்டில் குழந்தையின் சிணுங்கல், பேயாக வருகிறவளின் சிரிப்பு. அவ்வளவுதான் பிழைப்பு.

“போலாமாக்கா?”

தலையாட்டினாள். திரையில் புகை. நான்கு வீரர்கள் ஓடுகிறார்கள்; மஞ்சள் முகமூடி பின்தங்கி விழுகிறது.

“அண்ணா, என்னை விட்டுட்டுப் போகாதீங்க! நானும் படையிலதான் இருக்கேன்!”

‘போகாதீங்க’ என்ற இடத்தில் அவள் குரல் கரகரத்து இரண்டாகப் பிளந்தது. அவளுக்கே கேட்டது. இன்னொரு முறை பேசலாம் என்று சொல்லப் போனாள். அதற்குள் இன்ஜினியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான்.

“ஐயோ அக்கா! ஒரு துளி மாறலையே!”

பதிவானதை ஓடவிட்டான். கரகரப்பு இல்லை. பிளவு இல்லை. பளிங்கு போல ஒரு சிறுமியின் குரல். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

“சுருதியை ஏத்தினியா?”

“தொடவே இல்லக்கா. சத்தியமா.”

முடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டியதுதான். அடுத்த வசனத்துக்காக மைக் பக்கம் திரும்பினாள். அது அவள் மார்பளவுக்கு இறங்கியிருந்தது. வந்ததும் உதட்டுக்கு நேராக அவளே வைத்தது. திருகு தளர்ந்திருக்கும். ஏற்றினாள். இறுக்கினாள். வசனத் தாளில் ஒரு வரி படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

மார்பளவு.

மைக்கின் முன்னால் இருந்த வலைத்துணியைத் தொட்டாள். ஈரம். வெதுவெதுப்பான ஈரம்.

திரையில் மஞ்சள் முகமூடி எழுந்து உட்கார்ந்தது. முகமூடிக்கு உதடு கிடையாது. தலை ஆடினால் பேசுகிறது என்று பொருள். தலை ஆடியது. இவள் பேசவில்லை. ஹெட்போனில் குரல் கேட்டது.

“அண்ணா... இருட்டா இருக்குண்ணா.”

தாளில் அப்படி ஒரு வசனமே இல்லை.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். “நிறுத்து. நான் வெளிய வரேன்” என்றாள்.

என்றாள் என்று நினைத்தாள். நாக்கு புரண்டது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

கதவுக்கு ஓடினாள். கைப்பிடி இறங்கியது. கதவு அசையவில்லை. கண்ணாடியை அறைந்தாள். உள்ளங்கை எரிந்தது. கனத்த கண்ணாடி. அந்தப் பக்கம் அவன் கண்ணை மூடி, ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, அதில் கேட்பதோடு சேர்ந்து வாயசைத்துக்கொண்டிருந்தான். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டைப் போல. கன்னத்தில் கண்ணீர்.

மேல்கையின் உள்பக்கம் இரண்டு விரல்கள் பட்டன.

சின்ன விரல்கள். கீழேயிருந்து எட்டிப் பிடித்தவை. சதையைத் தேடின. பிடித்தன. திருகின.

அவள் அழுதாள். சத்தமில்லாமல். தரையில் கிடந்த ஹெட்போனிலிருந்து ஒரு சிறுமியின் விம்மல், அழகாக, தத்ரூபமாக, ஓரிடத்தில்கூடப் பிசகாமல்.

விம்மல் ஓய்ந்தது. திரையில் படம் நின்றது.

இன்ஜினியர் கண்ணைத் திறந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தான். கண்ணாடியில் பதிந்திருந்த அவள் கைகளை அல்ல. அவள் முகத்தையும் அல்ல. அவளைத் தாண்டி, அறையின் நடுவே, மைக் இருந்த உயரத்தில் அவன் பார்வை போய் நின்றது. இத்தனை வருடமாகத் தேடியவரைக் கண்டுவிட்டவனைப் போல முகம் மலர்ந்தது. பொத்தானை அழுத்தினான். அறையின் ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

“சூப்பர்டா பாப்பா. இன்னொரு தடவை போலாமா?”

அவள் வாயை முழுக்கத் திறந்து கத்தினாள்.

முதுகுக்குப் பின்னால், தாழ்ந்த ஓர் இடத்திலிருந்து, பதில் வந்தது.

“போலாம் அண்ணா.”

அவன் சிரித்துக்கொண்டே, பதிவு தொடங்குவதற்கான சிவப்பு விளக்கைப் போட்டான்.