‘அவன்’ என்று எழுதிய நோட்டு

நோட்டில் ஒரு வரி மாறியிருந்தது. திங்கட்கிழமை ‘அவன் தள்ளினான்’ என்றுதான் எழுதினாள். இப்போது ‘அவர் தள்ளினார்’ என்றிருந்தது. அதே நீல மை. அவளுடைய அதே சாய்வான கையெழுத்து.

பழக்கதோஷத்தில் தானேதான் எழுதியிருப்போம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். கல்யாணமாகி ஆறு வருடமாக வாய் நிறைய ‘அவர்’. ‘அவன்’ இந்த நோட்டில் மட்டும்தான்.

“தேதி, நேரம், நடந்தது. புலம்பல் வேண்டாம்,” என்று சொல்லிக்கொடுத்தவள், மாலைத் தட்டச்சு வகுப்பில் பக்கத்தில் உட்காரும் நர்ஸ். “வெள்ளிக்கிழமை புகார் கொடுக்க நானும் வர்றேன். அந்த ஆளுக்கு மரியாதை வேற கொடுத்து எழுதினே, கடிச்சு வெச்சிடுவேன்டி.”

நோட்டு வகுப்பறை டிராயரில் இருந்தது. சாவி நர்ஸிடம். கணவனுக்கு இந்தத் தெருவே தெரியாது.

செவ்வாயன்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதினாள்: இடது கையில் அவனுடைய ஐந்து விரல் தடம், கட்டைவிரல் தடம் என் கட்டைவிரலைவிட ஒரு சென்டிமீட்டர் அகலம். புதன்கிழமை, மெஷின்கள் தடதடக்க, எண்ணெயும் ரிப்பன் மையும் கலந்த வாடை மூக்கில் ஏற, குழல்விளக்கு சிமிட்டிச் சிமிட்டி எரிய, அவள் டிராயரைத் திறந்தபோது அந்த வரி, ‘தடுக்கி விழப்போனேன், அவர் தாங்கிப் பிடித்தார்’ ஆகியிருந்தது. அடித்தல் இல்லை, அழித்த தடமும் இல்லை.

“வகுப்பு எப்படிப் போகுது?” என்றான் கணவன் அன்றிரவு, டிவியிலிருந்து கண்ணெடுக்காமல். “தப்பில்லாம எழுதக் கத்துக்கோ.”

வியாழக்கிழமை பேனாவை அழுத்தி, தாள் கிழிய, ஒரு பக்கம் முழுக்க ‘அவன்’ என்றே எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மகளிர் காவல் நிலையத்தில் பெண் அதிகாரி அந்தப் பக்கத்தைத் திருப்பினார். பக்கம் முழுக்க ‘அவர்’, ‘அவர்’, ‘அவர்’.

“நல்ல மனுஷனாத்தானேம்மா தெரியறார்?”

“இல்ல மேடம், அவர்...” நாக்கு புரளவில்லை. இன்னொரு முறை முயன்றாள். “அவர்...”

“அய்யோ, கையைக் காட்டுடி!” நர்ஸ் அவளுடைய இடது சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

ஐந்து தடங்கள். ஊதா நிறம். மெலிந்தவை.

“உன் வலது கையை அதுமேல வை பார்ப்போம்,” என்றார் அதிகாரி.

வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. கட்டைவிரல் கூட.

நர்ஸ் ஓரடி பின்னால் போனாள்.

அவள் கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

விரல்கள் தாமாகவே அழுத்தத் தொடங்கின.