துத்திக்கு ஏழு செங்கல்

நாளை பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். அதனால் ஆவடி குவார்ட்டர்ஸ் முழுவதும் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளி விட்டதும் பவ்யா மூச்சிரைக்க ஓடி வந்தாள். நல்லவேளை, வாசலோரத்துத் துத்திச் செடி இன்னும் நின்றது. அதன் மஞ்சள் பூ மத்தியானத்துக்கு மேல்தான் விரியும். விரிந்ததும் தேனீக்கள் வந்துவிடும். இப்போதும் வந்திருந்தன.

போன வருடம் மெஷினால் அறுத்தபோது வேரிலிருந்து மறுபடி துளிர்த்த செடி அது. இந்தத் தடவை மண்வெட்டி. வேரோடு போய்விடும்.

நான்கு வீடு தள்ளிக் கொத்திக்கொண்டிருந்த கஜபதியிடம் போய், துத்தியை மட்டும் விட்டுவிடும்படி கெஞ்சினாள்.

"நான் இன்னா பண்றது பாப்பா? செங்கல்லுக்கு உள்ள கீறதுதான் தோட்டம். வெளிய கீறது எல்லாம் களை. அப்டித்தான் சொல்லிகீறாங்க," என்றார்.

உண்மைதான். அங்கே எதைப் பார்த்தாலும் சுற்றிலும் செங்கல் நட்டு வெள்ளையடித்துவிடுவார்கள். தம்பி அபிஷேக் அசையாமல் நின்றால் அவனைச் சுற்றியும் நட்டுவிடுவார்கள் என்று அப்பா கேலி செய்வார்.

பவ்யா திரும்பி ஓடினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏழு உடைந்த செங்கற்கள் கிடந்தன. அவற்றைத் தூக்கி வந்து செடியைச் சுற்றி நட்டாள். வெள்ளைக்கு என்ன செய்வது? கொழுக்கட்டைக்காக அம்மா வைத்திருந்த அரிசி மாவைக் கரைத்துப் பூசினாள்.

செங்கல் வெளுக்கவே இல்லை. மாக்கோலம் காய்ந்தால்தானே வெள்ளையாகும்? அவசரத்தில் அது மறந்துபோயிற்று.

கஜபதி பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டார். பவ்யா கணக்கு நோட்டை எடுத்து, மாவு காய்வதற்காகச் செங்கற்களை மாறி மாறி விசிறினாள். கை வலித்தது. காதருகே ஒரு தேனீ சுற்றியது. அதற்குப் பயப்படக்கூட நேரமில்லை.

மண்வெட்டி செடியருகே வந்து நின்றது.

"இது எப்போ நட்டது?"

நேற்றே நட்டதாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

"இப்பதான் அங்கிள்," என்றாள்.

கஜபதி குனிந்து ஒரு செங்கல்லைத் தொட்டார். விரலில் மாவு ஒட்டியது. அவள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். பூவுக்குள் தலையை விட்டிருந்த தேனீயையும் பார்த்தார்.

"செங்கல்லுக்கு உள்ள கீறத தொடாதன்னாங்க. அது காஞ்சிகீதா, ஈரமா கீதான்னு யாரும் சொல்லல."

கோணலாக நின்ற ஏழாவது செங்கல்லை மண்வெட்டியால் தட்டி நேராக்கிவிட்டு, அவர் அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அம்மா வேலையிலிருந்து வந்து கொழுக்கட்டை மாவு எங்கே என்று கேட்டபோது, வாசலில் ஏழு செங்கல்லும் பளிச்சென்று வெளுத்திருந்தன.