எட்டு நிமிடம் நான்கு விநாடி

ஏழு நிமிடம் பதினைந்து விநாடிக்கு, ரௌஷான் தன் கணவனின் தோளைத் தட்டுவதற்கு முன்பே அவன் விரல் உயர்ந்துவிட்டது.

சின்ன விஷயம்தான். அல்மாட்டியின் அந்தப் பழைய நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் அவள் நின்றிருந்தாள். கணவன் ஓல்ஜாஸ் அவளுக்குப் பக்கத்தில் முகம் கவிழ்ந்து மிதந்தான். யார் அதிக நேரம் மூச்சை அடக்கிக் கிடக்கிறாரோ அவருக்குப் பதக்கம். மனிதர்கள் எதற்கெல்லாம் போட்டி வைக்கிறார்கள் என்று ரௌஷானின் அம்மா இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வாள். ஆறாவது நிமிடத்திலிருந்து பதினைந்து விநாடிக்கு ஒருமுறை பயிற்சியாளர் தோளைத் தட்ட வேண்டும்; ஓல்ஜாஸுக்குப் பயிற்சியாளர் அவள்தான். உணர்வோடு இருப்பவன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவான். காட்டாவிட்டால் மறுபடி தட்ட வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் யோசிக்கவே கூடாது, புரட்டி வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்தால் சிவப்பு அட்டை, ஆட்டம் அதோடு முடிந்தது.

குளோரின் நெடியும் ஈரச் சுவரின் பூஞ்சை வாசனையும், சுவரோரக் குழாய்களில் வெந்நீர் ஓடும் முனகலும், கூரையிலிருந்து சொட்டிக்கொண்டேயிருந்த ஒற்றைச் சொட்டின் சத்தமும் சேர்ந்து அவளை அரைத் தூக்கத்தில் வைத்திருந்தன. கால் விரல்கள் எப்போதோ மரத்துவிட்டிருந்தன.

ஏழரை. தட்டினாள். அவன் கை அவள் உள்ளங்கைக்குள் இருந்தது. விரல் அசையவில்லை.

மறுபடி தட்டினாள். அசையவில்லை.

காலையில் சமையலறையில் அவன் சொன்னது ஞாபகம் வந்தது. "எட்டு நிமிஷம் வந்தாதான் தேசிய அணி. அதுக்கு முன்னாடி என்னைத் தூக்கினே, சத்தியமா உன்னை மன்னிக்கவே மாட்டேன்."

"நீ செத்துப்போனா?"

"செத்தா மன்னிச்சுடறேன், போ." இருவரும் சிரித்தார்கள்.

நடுவர் வாதிம் கரையிலிருந்து குனிந்தார். "விரல் வந்துச்சாம்மா?"

அவள் கைக்குள் இருக்கும் விரல் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"வந்துச்சு," என்றாள்.

ஏழே முக்காலுக்கும் அதையே சொன்னாள். எட்டு நிமிடமும் ஆனது. தூக்கிவிடலாம் என்று கையை நீட்டியபோது, அவன் தானாகவே தலையை உயர்த்தினான்.

"இழு! மூச்சு இழு!" என்று வழக்கம்போல் கத்தினாள். அவன் நிதானமாக மூக்குக் கவ்வியைக் கழற்றினான். விரலை வளைத்துச் சைகை காட்டினான். "நல்லா இருக்கேன்," என்றான். எல்லாம் முறைப்படி, வரிசைப்படி. வாதிம் வெள்ளை அட்டையைத் தூக்கினார். எட்டு நிமிடம் நான்கு விநாடி.

"டேய், நீ மனுஷனா, மீனாடா!" என்று அவனுடைய கூட்டாளி அஸ்கத் உடுப்போடு தண்ணீரில் குதித்தான்.

ரௌஷான் மட்டும் அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி மூச்சை நிரப்பிக்கொண்டபோது எப்படிப் புடைத்திருந்ததோ, அப்படியே இருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மருத்துவர் அவன் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தார். "கை ஐஸா இருக்கு. மிஷின் எடுக்க மாட்டேங்குது. வீட்டுக்குப் போய் சூடா டீ குடுங்க."

"அவர் மூச்சு விடல டாக்டர்."

"விடாமத்தான் பேசினாராக்கும்?" அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே குளிர் பூஜ்யத்துக்குப் பதினெட்டு டிகிரி கீழே. வாசலில் நின்ற அத்தனை பேர் வாயிலிருந்தும் வெள்ளை வெள்ளையாகப் புகை வந்தது. அஸ்கத் பேசப் பேச அவன் முகமே அதில் மறைந்தது. ஓல்ஜாஸ் கழுத்தில் பதக்கத்தோடு நடுவில் நின்றான். அவன் முகத்துக்கு முன்னால் காற்று சுத்தமாக இருந்தது.

காரில் அவள் பக்கத்துக் கண்ணாடி மட்டும் பனித்துக்கொண்டே வந்தது. துடைத்தாள். திரும்பப் பனித்தது. துடைத்தாள். அவனுடைய பக்கம் பளிச்சென்று, தெருவிளக்குக் கம்பங்களும் மரங்களும் தெளிவாகத் தெரிந்தன. அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயம் வேறு யாருடையதோ போலத் தள்ளி உட்கார்ந்திருந்தது.

"ஏழரைக்கு நீ விரல் தூக்கல."

"தெரியும்."

"நான் பொய் சொன்னேன், ஓல்ஜாஸ்."

"நல்லது." ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் குரல் மெலிந்தது. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. உள்ளே இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் பால் ஊற்றிய தேநீரும் காலையில் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் மாவு உருண்டைகளும் வைத்தாள். அவன் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தான். எதையும் தொடவில்லை. ஜன்னலில் மதிய வெயில். குளிர்சாதனப் பெட்டி ஓடி நின்றது. வீட்டில் ஒரே ஒருவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

அவள் தரையில் உட்கார்ந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "இழு. ஒரே ஒருவாட்டி. எனக்காக."

அவன் தலையை இடவலமாக அசைத்தான்.

"இழுக்க வரல."

பிறகு, "விடத்தான் முடியும்."

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"விடட்டுமா?"

குளத்தில் தூக்கியிருக்க வேண்டும். இருமுறை தட்டியதுமே தூக்கியிருக்க வேண்டும். அதை இனிமேல் செய்ய முடியாது. புடைத்த அந்த நெஞ்சோடு அவனை இப்படியே எத்தனை நாள் உட்கார வைப்பது?

"விடு," என்றாள்.

அவன் உதடுகளைக் குவித்து ஊதினான்.

மெல்லிய, சீரான காற்று. குளிர்ந்திருந்தது. குளோரின் நெடி. நெஞ்சு இறங்கியது. வழக்கமாக நிற்கும் இடம்வரை இறங்கியது.

நிற்கவில்லை.

சட்டை உள்ளே போனது. விலா எலும்பு இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி. பொத்தான்கள் ஒவ்வொன்றாகச் சோபாவின் முதுகில் படிந்தன. அவள் பிடித்திருந்த முழங்கால் கைக்குள் தளர்ந்தது. தோள்கள் இறங்கின. பதக்கம் தட்டையாகக் கிடந்தது. முகம் மட்டும் அப்படியே அவளைப் பார்த்தது, உதடு குவிந்தபடி.

அவள் எழுந்து போகவில்லை.

மேசைமேல் தேநீரின் ஆடை ஒரு பக்கமாக ஒதுங்கியது. மூச்சு இன்னும் வந்துகொண்டிருந்தது.