பேச்சு எதுவும் இல்லை

வியாழனின் நிலவான கலிஸ்டோவில், பனிக்கு அடியில் இருந்த ஆழ்குடி என்ற ஊரில் கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் வந்தால் யாரும் குரலை உயர்த்துவதில்லை. சுவரிடம் கேட்பார்கள். "பாசித்தொட்டியை யார் கழுவுறதாச் சொன்னது?" என்று மனைவி கேட்டால், "நான் கழுவிடறேன், விடு" என்று கணவனின் குரலிலேயே சுவர் ஒலிக்கும். கணவன் எழுந்து போய்த் தொட்டியைக் கழுவுவான்.

ஒவ்வொரு சுவரிலும் ஒரு செவிப்பொட்டு பதிக்கப்பட்டிருந்தது. அது கேட்டதெல்லாம் ஊரின் நடுவே இருந்த சொல்லகத்துக்குப் போகும். போய்ச் சேர்ந்ததும் பொட்டு பச்சையாக ஒருமுறை மினுங்கும். சேமிக்கப்பட்டது என்று பொருள். ஒரு பேச்சில் பங்கெடுத்தவர் யாரும் பிறகு அதைக் கேட்டுப் பெறலாம். அப்படிக் கேட்டால், அதில் இருந்த மற்றவர்களுக்கும் தகவல் போகும். சூரியனைப் பார்க்காமல் குறுகிய அறைகளில் அடைந்து வாழ்பவர்களுக்குள் சண்டை பெருகக்கூடாது என்று முதலில் குடியேறியவர்கள் செய்த ஏற்பாடு அது.

சொல்லகத்தின் சேமிப்புப் பொறியாளர் பொற்கொடி. அவளுடைய தாய் மருத்துவமனையில் கிடந்தபோது அவள் பக்கத்து நிலவான கானிமீட்டில் ஒரு புதிய சேமிப்பகத்தை நிறுவிக்கொண்டிருந்தாள். தாயோடு தொலைபேசியில் ஒருமுறை பேசினாள். அடுத்த விண்கலத்தில் திரும்பி வருவதற்குள் தாய் போய்விட்டாள்.

"அம்மா உன்னை வரச் சொன்னாங்கக்கா. நான் பக்கத்துலதான் இருந்தேன். நீ வரல" என்றாள் தங்கை இளவேனில்.

"எங்கிட்ட அப்படிச் சொல்லல. வேலையை முடிச்சிட்டு வா, அவசரமில்லன்னுதான் சொன்னாங்க."

இருவரும் மருத்துவமனைச் சுவரிடம் போய்க் கேட்டார்கள். "அந்த நேரத்தில் பேச்சு எதுவும் இல்லை" என்றது சுவர். அன்றோடு அக்காவும் தங்கையும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஆழ்குடியில் இந்தப் பதிலைப் பெற்றவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். ஒருவரும் சுவரைச் சந்தேகிக்கவில்லை. தமக்குத்தான் ஞாபகப் பிசகு என்று நினைத்து வெட்கத்தோடு விட்டுவிட்டார்கள். பொற்கொடியால் விட முடியவில்லை. தாயின் இருமலை அவள் காதால் கேட்டிருந்தாள். அழிந்துபோனது என்று சுவர் சொல்லியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பாள். நடக்கவே இல்லை என்றல்லவா சொன்னது.

சொல்லகத்தில் எல்லா விளக்குகளும் பச்சையாகவே எரிந்தன. அவள் செவிப்பொட்டின் எதிரே நின்று எதை எதையோ பேசினாள். உடனே திருப்பிக் கேட்டாள். ஒரு சொல் குறையவில்லை. மூலச் சேமிப்பையும் அதன் நகலையும் ஒப்பிட்டாள். இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போயின. நாள்தோறும் நடக்கும் சோதனையும் அதைத்தான் சொல்லிவந்தது. ஒத்துப்போவதிலேயே திருப்தி அடைந்துவிட்டோமே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூலத்தில் ஓட்டை விழுந்தால் நகலிலும் அதே இடத்தில் அதே ஓட்டை விழும். ஒப்பிட்டால் இரண்டும் சரியாகத்தான் இருக்கும்.

அதன்பின் அவள் பேசுவதைப் பேசிவிட்டு, ஊரின் மின்சாரத்தை ஓர் அணு உலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்வரை காத்திருந்தாள். அந்த மாற்றத்தின்போது மின்சாரம் ஒரு கணம் தளர்ந்து நிமிரும். நிமிர்ந்த பிறகு கேட்டாள். "அந்த நேரத்தில் பேச்சு எதுவும் இல்லை" என்றது சுவர்.

காரணம் எளிமையானதாக இருந்தது. வரும் பேச்சைப் படிகத் தட்டில் பொறிப்பதற்கு ஒரு செயலி இருந்தது. எவ்வளவு வேகமாகப் பொறிக்கிறது என்பதை வைத்துத்தான் அதை வாங்கியிருந்தார்கள். அந்த வேகத்தைக் காட்டுவதற்காக, பேச்சு கைக்கு வந்தவுடனே அது "சேமித்தாயிற்று" என்று சொல்லிவிடும். பிறகு சாவகாசமாகப் பொறிக்கும். இடையில் மின்சாரம் தளர்ந்தால் கையில் இருந்தது போயிற்று. போனது அந்தச் செயலிக்கே தெரியாது.

நிர்வாகி அடைக்கலராஜ் மறைக்கிற ஆள் இல்லை. சொல்லகத்தில் இடையிடையே பேச்சுகள் அழிந்திருக்கின்றன என்று ஊருக்கு அறிவித்தார்.

ஊர் கொந்தளித்தது. தன் கணவன் மன்னிப்புக் கேட்டது அழிந்த பகுதியில்தான் இருந்தது என்றாள் ஒருத்தி. தான் மன்னிப்புக் கேட்கவே இல்லை, கேட்டவள் அவள்தான், அதுவும் அங்கேதான் இருந்தது என்றான் அவள் கணவன். பனி வெட்டும் பிரிவின் வீரணன், தனக்கு மேற்பார்வையாளர் பதவி தருவதாக உறுதி கொடுத்த பேச்சு அழிந்துவிட்டது என்று நிர்வாக அறையின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். யாருக்கு என்ன சொல்லப்பட்டிருக்க வேண்டுமோ அதெல்லாம் அந்த ஓட்டைகளுக்குள் சொல்லப்பட்டிருந்தது. அழிந்த நேரத்தைவிட அழிந்த வாக்குறுதிகள் அதிகமாக இருந்தன.

"வாசல்ல நடமாட முடியல பொற்கொடி" என்றார் அடைக்கலராஜ். "எப்படியாவது மீட்டுக் குடு."

அவள் மீட்டாள். அதற்கும் ஒரு பிழைதான் உதவியது. படிகத் தட்டுக்குப் போகும் முன் ஒவ்வொரு பேச்சும் ஒரு முன்குறிப்புத் தட்டில் விழும். சேமித்தாயிற்று என்ற சொல் வந்ததும் அது துடைக்கப்பட வேண்டும். துடைக்கும் பகுதி தொடக்கத்திலிருந்தே வேலை செய்யவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை. ஒரு பிழை தின்றதை எல்லாம் இன்னொரு பிழை பத்திரமாக வைத்திருந்தது.

அழிந்ததாகக் கருதிய அத்தனை பேச்சும் கிடைத்துவிட்டது, வேண்டியவர்கள் வந்து கேட்கலாம் என்று அடைக்கலராஜ் மகிழ்ச்சியோடு அறிவித்தார். கூட்டத்தைச் சமாளிக்கக் கயிறுகூடக் கட்டி வைத்தார்கள்.

யாரும் வரவில்லை. அந்தக் கணவனும் மனைவியும் வேலை அதிகம் என்றார்கள். வீரணன் மட்டும் வந்தான்.

"மொத்தத்தையும் அழிச்சிட முடியுமாங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

"உன் பேச்சை முதல்ல கேட்டுப் பாரேன்" என்றாள் பொற்கொடி.

"வேணாங்க. அது எப்படி இருந்திச்சுன்னு எனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அடைக்கலராஜ் சொன்னார்: "எனக்கும் ஒண்ணு அதுல கெடக்கு. நான் கேக்கப் போறதில்ல. நீ?"

தான் சொன்னது சரி என்பதில் பொற்கொடிக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அதனால்தான் இவ்வளவும் செய்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, தாயின் பேச்சைக் கேட்டு, ஊரிலேயே அந்த ஒரே விண்ணப்பத்தைப் போட்டாள்.

முதலில் இருமல். பிறகு தாயின் குரல்: "வேலையை முடிச்சிட்டு வாம்மா, அவசரமில்ல." பொற்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். சொல் மாறாமல் அவள் நினைவில் இருந்ததேதான். நிறுத்தப் போனவள், பதிவு இன்னும் ஓடுவதைப் பார்த்துக் கையை எடுத்தாள். கானிமீட்டில் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம். "இதோ வர்றேன்" என்று அவள் யாரிடமோ சொல்வது. அதற்கு நடுவே, தணிந்து, மீண்டும் தாய்: "பொற்கொடி, முடிஞ்சா ஒருதரம் வந்துட்டுப் போயேன்."

"ம்" என்றது ஒரு குரல். அது அவளுடையது. அதோடு இணைப்பு அறுந்தது.

திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்த வாக்கியத்தைக் கேட்ட நினைவு அவளிடம் துளியும் இல்லை.

தகவல் போயிருந்ததால் இளவேனில் அழைத்தாள். இத்தனை காலத்துக்குப் பிறகு அவளாகவே. அவளுடைய குழந்தை பக்கத்தில் சிணுங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீ என்ன கேட்டேன்னு நான் கேக்கல. எனக்கு அது வேணாம். அம்மா உங்கிட்ட அவசரமில்லன்னுதான் சொல்லியிருப்பாங்க. நான்தான் மாத்தி நெனச்சுக்கிட்டேன் போல. விட்டுடலாம். வீட்டுக்கு வா."

விட்டுவிட்டிருக்கலாம். பொற்கொடி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இல்ல வேனி. நீ சொன்னதுதான் சரி. ஒருதரம் வந்துட்டுப் போன்னு கேட்டாங்க. நான் ம்னு சொல்லிட்டு மறந்துட்டேன். மறந்ததுகூடத் தெரியாம உன்னைப் பொய்க்காரின்னு நெனச்சேன்."

"ம்" என்றாள் இளவேனில்.

சுவரில் பொட்டு பச்சையாக மினுங்கியது. சொல்லகம் இப்போது பழுது நீக்கப்பட்டுச் சரியாக இயங்கிக்கொண்டிருந்தது; அவள் சொன்னதில் ஓர் எழுத்தும் குறையாமல் பொறிக்கப்பட்டிருக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. மறுமுனையில் குழந்தையின் அழுகை கூடியது.

"வேனி, நான் இப்ப என்ன சொன்னேன்?"

மறுமுனையில் கரண்டி ஒன்று தரையில் விழும் சத்தம் கேட்டது.

"மன்னிச்சுக்கக்கா. பாப்பா கரண்டியை முழுங்கப் பாத்தா, அவளைப் புடிச்சிட்டிருந்தேன். ஒண்ணும் காதுல விழல. என்ன சொன்னே?"

குழந்தை அடங்கும்வரை பொற்கொடி காத்திருந்தாள். முதல்முறை சொன்னபோது இருந்த துணிச்சல் இப்போது இல்லை. ஆனாலும் இன்னொருமுறை, முதலிலிருந்து, நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினாள்.