முட்டை அட்டை மூக்கு

புதன்கிழமை மூன்றாவது பாடவேளைக்கு எங்கள் வகுப்பில் யாரும் லீவு போட மாட்டார்கள். அப்போதுதான் ஐந்தாம் வகுப்பில் இருக்கும் நாங்கள் ஒன்றாம் வகுப்புக்குப் போய்க் கதை படித்துக் காட்டுவோம். ஆளுக்கு ஒரு குட்டி. வருஷம் முழுக்க அதே குட்டிதான்.

என் தோழி நெட்டைக்குக் கிடைத்தவன் பட்டாணி. அவனுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் அவ்வளவு சின்னதாக, அவ்வளவு உருண்டையாக இருப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நெட்டைதான் எங்கள் வகுப்பிலேயே உயரம். குரலும் கனமானது. அவள் "உள்ளேன் டீச்சர்" என்று சொன்னால் பக்கத்து வகுப்பில் யாராவது எழுந்து நிற்பார்கள்.

யானையும் எலியும் வரும் ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு வாரம் வீட்டில் படித்துப் பழகியிருந்தாள். "யானைக்கு என் குரலே போதும்டி. எலிக்குத்தான் தொண்டை வலிக்குது" என்றாள்.

முதல் புதன்கிழமை வந்தது. பட்டாணி அவளை அண்ணாந்து பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு மூடவே இல்லை.

"சூனியக்காரி வந்துட்டா" என்று அலறிக்கொண்டு டீச்சரின் பின்னால் போய் ஒளிந்தான்.

அதற்குக் காரணம் நான்தான். போன மாத ஆண்டு விழா நாடகத்தை எழுதியவள் நான். அதில் ஒரு சூனியக்காரி வருவாள். முதலில் நல்ல அக்கா மாதிரி இனிக்க இனிக்கப் பேசி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பாள். பிறகு பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவாள். கறுப்புத் துணியும், முட்டை அட்டையில் செய்த பச்சை மூக்குமாக நெட்டை மேடையில் சிரித்தபோது, முன்வரிசைக் குட்டிகள் மூன்று பேர் பின்வரிசைக்கு ஓடினார்கள். என் நோட்டில் அன்று "சிரிப்பு: மிக நன்று" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

"அடுத்த புதன் வரைக்கும் பார்ப்போம்" என்றார் டீச்சர். "அப்பவும் பயந்தான்னா அவனை வேற யார்கிட்டயாவது விட்டுடலாம். நீ புத்தகங்களுக்கு அட்டை போடும்மா."

"சரி டீச்சர்" என்றாள் நெட்டை. அது எலிக் குரலில்தான் வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கேட்டாள். "எனக்கு மட்டும் ஏன்டி எப்பவும் இந்த மாதிரி வேஷம்? போன வருஷம் அரக்கி. அதுக்கு முந்தின வருஷம் புயல்."

"புயல் நல்ல வேஷம்தானே?"

"வசனமே கிடையாது. அரை மணி நேரம் ஊன்னு ஊதினேன். வாயே வலிச்சுது."

அன்று மாலை என் நோட்டைப் புரட்டினேன். எல்லா நாடகத்துக்கும் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். உயரம், குரல், முகம். அதைப் பார்த்துத்தான் வேஷம் கொடுப்பேன். அது ரொம்பச் சரியான முறை என்று நினைத்திருந்தேன். மூன்று வருஷமாக ராஜாவாக நடித்தவன் இப்போது தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நிற்பதே இல்லை. டாக்டராக நடித்தவன், யாராவது தும்மினால் நாக்கை நீட்டச் சொல்கிறான். இதெல்லாம் என் பட்டியலால்தானா? தெரியவில்லை. ஆனால் "உனக்கு என்ன வேஷம் வேணும்?" என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. அது மட்டும் நிச்சயம்.

மறுநாள் இடைவேளையில் பட்டாணியைத் தேடிப் போனேன்.

"அந்த அக்கா சும்மா நடிச்சாங்கடா. நிஜத்துல ரொம்ப நல்லவங்க."

"சூனியக்காரியும் முதல்ல நல்லவளாத்தான் வந்தா" என்றான் பட்டாணி.

"அது நாடகம். நான் எழுதினது."

அவன் என்னையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றான்.

வெள்ளிக்கிழமை நெட்டையே ஒரு யோசனை செய்தாள். என்னிடம் சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன். ஒன்றாம் வகுப்பு வாசலில் போய் நின்று, கனிவாகச் சிரித்து, "தம்பி, மிட்டாய் வேணுமா?" என்று கேட்டிருக்கிறாள்.

பட்டாணி மட்டுமில்லை, வகுப்பு மொத்தமும் மேசைக்கு அடியில் போய்விட்டது.

"அட்டை போடப் போறேன்டி" என்றாள் நெட்டை. "பசை, கத்தரிக்கோல் எல்லாம் எடுத்து வச்சுட்டேன்." யானைப் புத்தகத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டாள். எலி பேசும் இடங்களில் எல்லாம் பென்சிலால் சின்னச் சின்னக் காதுகள் வரைந்திருந்தாள். 

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாடகச் சாமான்கள் இருக்கும் அலமாரியைச் சும்மா திறந்தேன். பச்சை மூக்கு இருந்தது. அப்படி என்னதான் பயம் என்று பார்க்க மாட்டிக்கொண்டேன். உள்ளே பசை வாசனை. மூக்கு அரித்தது. ஜன்னல் கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே இருந்து பார்த்தால்தான் பயம். உள்ளே இருப்பவருக்குப் பயமே இல்லை.

புதன்கிழமை அந்த மூக்கை எடுத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்புக்குப் போனேன். நெட்டை பசை டப்பாவோடு வாசலிலேயே நின்றாள். மூக்கைப் பட்டாணியின் மேசையில் வைத்தேன்.

"இது யாரோடது?"

"சூனியக்காரியோடது."

"தொட்டுப் பாரு. கடிக்காது."

ஒரு விரலால் தொட்டான். பிறகு திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தான். "உள்ள ஒண்ணுமே இல்ல" என்றான்.

"போட்டுப் பாக்கறியா?"

அவன் முகத்தில் பாதிக்குமேல் மூக்காகிவிட்டது. மெல்லத் திரும்பி, வாசலில் நின்ற நெட்டையைப் பார்த்தான். "ஹா" என்றான். கொட்டாவி மாதிரித்தான் இருந்தது.

நெட்டையிடம் நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அவளுக்குப் புரியுமோ புரியாதோ என்று அவளையே பார்த்தேன்.

பசை டப்பா கீழே விழுந்தது. "ஐயோ, சூனியக்காரி" என்று கத்திக்கொண்டு நெட்டை ஓடிவந்து, ஒன்றாம் வகுப்பு மேசைக்கு அடியில் நுழைந்தாள். பாதிதான் நுழைய முடிந்தது. மேசை அவள் முதுகில் ஏறி நின்றது.

"மிட்டாய் வேணுமா, பாப்பா?" என்றான் பட்டாணி இனிக்க இனிக்க.

"வேணாங்க. என்னைப் பெட்டியில போட்டுடாதீங்க."

வகுப்பே சிரித்தது. நெட்டை முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும். பட்டாணிக்குத் தெரியாது.

அவன் சட்டென்று மூக்கைக் கழற்றினான். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான்.

"அக்கா, அழாதீங்க. நான்தான், பட்டாணி. இது வெறும் முட்டை அட்டை."

"நிஜமாவா?"

"நிஜமா. உள்ள ஒண்ணுமே இல்ல. நான் பாத்துட்டேன்." அவள் விரலைப் பிடித்து இழுத்தான். "வெளிய வாங்க. நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."

யானைப் புத்தகத்தை நெட்டையிடம் நீட்டினேன். இரண்டு பக்கம் படித்ததும் பட்டாணி, "யானைக்கு இன்னும் கொஞ்சம் கனமா பேசுங்க அக்கா" என்றான். டீச்சர், தரையில் கிடந்த பசை டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். "அடுத்த நாடகத்துல உனக்கு என்ன வேஷம்டி வேணும்? இளவரசியா நடிக்கிறியா?"

நெட்டை தெருமுனை வரை யோசித்தாள். "சூனியக்காரிதான்."

"என்னடி சொல்ற?"

"ஆனா அவ ஏன் பிள்ளைங்களைப் பூட்டி வச்சான்னு நீ எழுதவே இல்லையே. அது தெரிஞ்சா இன்னும் நல்லா நடிப்பேன்."

"அவ சூனியக்காரி. அதனாலதான்."

"அது மூக்குடி. உள்ள இருக்கறது யாரு?"

இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். வெகுநேரம் பேசினோம். பிறகு பென்சிலைச் சீவி, புதுப் பக்கத்தில் முதல் வரியை எழுதினேன்:

"சூனியக்காரிக்கும் ஒரு காலத்தில் ஆறு வயதுதான்."