அறுபது மதிப்பெண் ஆங்கிலம்

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் பவளக்கொடி நாற்பதாவது முறையாக "நோ வொரீஸ்" என்றாள். சுவரில் இருந்த பயிற்றுப்பொறி இரண்டு மதிப்பெண் குறைத்தது. சொல்லும்போது தோள் குலுங்கவில்லையாம்.

செவ்வாயின் மூன்றாம் குமிழில் தொள்ளாயிரம் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் தமிழ் பேசினார்கள். இயந்திரங்களும் தமிழே பேசின. ஆனால் எந்த ஆணையில் கையொப்பமிடவும் ஆங்கிலப் பேச்சுவழக்குத் தேர்வில் அறுபது எடுத்திருக்க வேண்டும். முதலில் வந்திறங்கியவர்கள் பழைய அலுவலக உரையாடல்களின் பதிவு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். தேர்வுப்பொறி அதிலிருந்து ஐம்பது சொற்றொடர்களைத் தொகுத்தது. இருநூறு ஆண்டுகளாக அதே ஐம்பது.

ஐம்பதுக்கும் பொருள் பவளக்கொடிக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதுவரை எழுதிய ஐந்து தேர்விலும் அவளைக் கவிழ்த்தது சொல்லும் தோரணை.

அவள் காற்றுக்குழாய்ப் பணியாள். வடக்கு விடுதியின் ஏழாம் வால்வில் மயிரிழை அளவு விரிசல் கண்டிருந்தாள். அந்த விடுதியில் அறுபத்திரண்டு பேர் தூங்கினார்கள். அவள் மகள் செண்பகம் அதில் ஒருத்தி. வால்வை மாற்ற ஒரு மணி நேரம் காற்றை நிறுத்த வேண்டும். வால்வு வேலை தெரிந்து, தேர்விலும் தேறிய ஒருவர் கையொப்பமிடாமல் இயந்திரம் நிறுத்த விடாது. வேலை தெரிந்தவள் பவளக்கொடி. தேறியவன் மேற்பார்வையாளன் ரூபன். இரண்டும் ஒரே ஆளிடம் இல்லை.

விதியைத் தளர்த்தச் சொல்லிப் பதினோரு முறை அவனிடம் மனுக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சில், அக்கா. ஐ காட் யூ" என்றான். அமைதியாக இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொருள். அவன் எதைப் பார்த்துக்கொண்டான் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஆறாவது தேர்வு. ஐம்பத்தொன்பது வந்தது. அடுத்த முயற்சி ஓராண்டு கழித்து.

"ஒரு மார்க்குதானே சார்" என்றாள் ரூபனிடம். "கீழ அறுபத்திரண்டு பேர் படுத்திருக்காங்க."

"நானா போடுறேன்? மெஷின் போடுது. நீங்க வாயைத் திறந்தாலே தமிழ் வாடை அடிக்குதுக்கா."

அன்று நண்பகலில் பூமிக் கப்பல் வந்தது. எட்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். அதில் ஹேசல் என்ற காற்றுப் பொறியாளர் வந்திருந்தாள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்காரி. அசல் ஆங்கிலம் கேட்கக் குமிழே திரண்டது. அவள் பேசினாள். எல்லார் காதிலும் இருந்த செவிச்சில்லு அதை உடனே தமிழாக்கிவிட்டதால் ஆங்கிலத்தை ஒருவரும் கேட்கவில்லை.

பவளக்கொடி அவளை நேரே ஏழாம் வால்வுக்கு இழுத்துப் போனாள். ஹேசல் விரிசலைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இருபது நாள் தாங்கும். அதுக்கு மேலன்னா என் பிள்ளையை இங்க தூங்கவிட மாட்டேன். ஆணையைக் கொடு, நான் போடுறேன் கையெழுத்து."

பவளக்கொடி அவளை அப்படியே ரூபனின் அறைக்கு அழைத்துப் போனாள்.

வந்தவரானாலும் தேர்வு உண்டு என்று ரூபன் பணிவாகச் சொன்னான். அவருடைய மொழிதானே, இரண்டு நிமிட வேலை என்றான். நாற்காலியைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டான்.

விதிப்படி மூவரும் சில்லைக் கழற்றினார்கள். பொறி முதல் சொற்றொடரைச் சொன்னது. ஹேசல் மூன்று முறை திரும்பக் கேட்டாள். அவள் ஊரில் இப்படிப் பேசியவர்கள் செத்து நூற்றைம்பது ஆண்டுகள் இருக்கும். தோள் குலுக்காமல், சாதாரணமாகப் பதில் சொன்னாள். அவள் ஆங்கிலம் ரூபன் காதுக்குக் கொச்சையாகப் பட்டது. அவனுக்கே கூச்சமாக இருந்தது.

இருபத்துமூன்று. கீழே குறிப்பு: உச்சரிப்பில் இயல்பு இல்லை, தொடக்கநிலை வகுப்பில் ஆறு மாதம் சேரவும்.

வகுப்பு நடத்துபவன் ரூபன். தாளை இரண்டு முறை படித்தான். சேர்க்கைப் படிவம் ஒன்றை எடுத்து, தலை நிமிராமல் அவள் பக்கம் நகர்த்தினான்.

பவளக்கொடி கதவோரம் கையொப்பமில்லாத ஆணையைப் பிடித்தபடி நின்றாள்.

ஹேசல் சில்லைக் காதில் மாட்டிக்கொண்டாள். படிவத்தைப் பார்த்தாள். பிறகு இருவரையும் பார்த்தாள்.

"உங்களுக்குள்ள தமிழ்தான் பேசுறீங்க. எங்க ஊர்லயும் யாரும் இப்படிப் பேசறதில்லை. அப்ப இந்த இங்கிலீஷை யார்கிட்ட பேசறதுக்கு வெச்சிருக்கீங்க?"